பதினான்காம் பக்கத்துத் தீர்ப்பு

சிங்கப்பூரில் நான் தங்கியிருந்த ஐந்து நாள்களில் நான்கு நாள்கள் எனக்கு நிம்மதியில்லை. ஊரைக் குறைசொல்ல முடியாது. அது நன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு சமூக மன்றத்தின் மேடையில், நடு நாற்காலியில் அமர்ந்து, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கா சேர்ந்த ஸ்பானியக் கடலோடிகளால் உலகிற்கு விளைந்தது பெரிதும் நன்மையா தீமையா என்று நான் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது. நிம்மதியைக் கெடுத்தது அதுதான்.

பட்டிமன்றத்திற்கு இப்படியும் ஒரு தலைப்பா என்று ஊரில் பலரும் கேட்டார்கள். எனக்கும் வியப்பாகவே இருந்தது. மாமியாரா மருமகளா, கணவனா மனைவியா, பணமா பாசமா என்று நெடுங்காலம் தீர்ப்பளித்துப் பழகியவள் நான். என்னை அழைத்தவர் அங்குள்ள ஒரு தமிழ் மன்றத்தின் செயலாளர் ஜமாலுதீன். அவருடைய மகள் பள்ளியில் இதே பொருளில் ஆங்கிலத்தில் வாதிட்டாளாம். "இங்கிலீஷ்ல பேசலாம்னா தமிழ்ல பேச முடியாதா டீச்சர்?" என்று தொலைபேசியில் கேட்டார். அந்தக் கேள்விக்கு 'முடியாது' என்று விடைசொல்லும் துணிவு எந்தத் தமிழாசிரியருக்கும் வராது.

கூடவே வேறொன்றும் கேட்டார். விழாவையொட்டி மலர் ஒன்று அச்சிடுகிறார்கள். அதில் நடுவரின் தீர்ப்புரை இடம்பெற வேண்டும். ஆகவே அதனை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். இதில் எனக்குப் புதுமை எதுவும் தோன்றவில்லை. நம் ஊரிலும் நடுவர்களில் பலர் தீர்ப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மேடையேறுகிறார்கள். நானும் அவ்வாறு ஏறியவளே. நன்மையே என்று எழுதினேன், அனுப்பினேன். மெய்ப்பு வந்தபோது மூன்று ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, ஓர் அரைப்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கி, நிறைவோடு திருப்பியனுப்பினேன்.

வியாழக்கிழமை ஜாலான் புசார் என்னும் தெருவில் ஒரு சிறு விடுதியில் இறங்கினேன். இருபுறமும் குழாய்களும் தாழ்ப்பாள்களும் சங்கிலிகளும் விற்கும் கடைகள். நடுவே ஒடுக்கமாக ஒரு வாசல். வரவேற்பறையில் இருந்த பெண் என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "நல்வரவு, மிஸ்டர் சிதம்பரம்" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மிஸ் சிதம்பரம்" என்று திருத்திக்கொண்டாள். சிதம்பரம் என் தந்தையார். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருந்தால் நம்மவர்கள் எதையாவது போட்டு நிரப்பித்தானே ஆகவேண்டும்? இராமநாதபுரம் மாவட்டத்தைத் தாண்டிச் சென்றறியாத என் தந்தையார் பெயரில் எனக்கு அறை கொடுத்தார்கள், சாவி கொடுத்தார்கள், மறுநாள் காலை வெந்நீர் கேட்டபோதும் அவரைத்தான் விளித்தார்கள். மங்கையர்க்கரசி என்று ஒருத்தி அந்த விடுதியில் தங்கியதற்குச் சான்றே இல்லை.

மாலையில் ஜமாலுதீன் வந்தார். அவருடைய பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்துக் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, கயிறு, சவர்க்காரம் எனச் சாமான்கள் அனுப்பும் கடையைத் தொடங்கியவர். பேரன் அதே தொழிலைச் செய்கிறார். விழா மலரின் ஒரு படியை இரு கைகளாலும் நீட்டினார். என் விரல் தானாகவே பதினான்காம் பக்கத்திற்குச் சென்றது. 'நடுவர் தீர்ப்பு' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. கீழே என் படம். அதன்கீழ், 'ஆகவே நன்மையே என்று தீர்ப்பளிக்கிறேன்' என்பது கட்டம்கட்டி, பொன்னிறத்தில்.

"சூப்பரா வந்திருக்குல்ல டீச்சர்? எங்க வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்."

"வேறு யார் படித்தார்கள்?"

"யாரும் இல்ல லா" என்றார், அவ்வூர் இழுவையோடு. "பெட்டியெல்லாம் கடையில கட்டி வச்சிருக்கேன்."

"நிகழ்ச்சி முடிந்தபின்தான் கொடுக்கவேண்டும். அதற்குமுன் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது."

"இதெல்லாம் சொல்லணுமா டீச்சர்? முடிஞ்சு போறப்ப வாசல்ல குடுத்துடுவோம். நீங்க நல்லா தூங்குங்க."

தூங்கினேன். ஆனால் விழித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பொன்னிறக் கட்டம்.

வெள்ளிக்கிழமை காலை தேக்கா சந்தையில் தோசை தின்றேன். சாம்பாரில் இனிப்புச் சற்றுத் தூக்கல். அதற்கு ஈடுசெய்வதுபோல் மேசைமேல் சிறு கிண்ணத்தில் சிவக்கச் சிவக்கச் சம்பால் என்னும் மிளகாய் விழுது வைத்திருந்தார்கள். ஒரு துளியில் கண் கலங்கிவிட்டது. எதிரே அமர்ந்திருந்த சீன முதியவர் அதனை நீராகாரம்போல் குடிக்காத குறையாகச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். எனக்குப் பெருமிதமாக இருந்தது. என் தீர்ப்புரையின் உயிர்நாடியான வாக்கியம் மிளகாயைப் பற்றியதுதான்: 'நம் அடுக்களைச் செம்மிளகாயை நம் கரையில் இறக்கியவை ஸ்பானியக் கப்பல்களே.' அதன் ஓசையில் எனக்கே ஒரு மயக்கம் உண்டு.

அங்கிருந்து நடந்து ஜமாலுதீன் கடைக்குச் சென்றேன். சாக்குச் சாக்காக வற்றல் மிளகாய். மறுநாள் ஏதோ ஒரு சரக்குக் கப்பலுக்குப் போகவேண்டியதாம். நெடி தாங்காமல் நான் தும்மியதும் அவர் சிரித்தார்.

"எங்க பாட்டனார் எப்பவும் சொல்வாரு டீச்சர். நம்ம ஆளுங்க மிளகு தின்னுட்டு சும்மா இருந்தாங்க, பறங்கி வந்து மிளகாயக் குடுத்துக் கெடுத்துட்டான்னு."

"பறங்கியா?"

"பறங்கிதான். கோவா, கொச்சியில இருந்தானே, போர்ச்சுகீஸ்காரன்."

தும்மல் நின்றுவிட்டது. அது எனக்குத் தெரியாத செய்தியன்று. மிளகாயை அமெரிக்கக் கண்டத்திலிருந்து முதலில் கடல்கடத்தியவை ஸ்பானியக் கப்பல்கள். நம் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். எழுதும்போது வாக்கியம் அழகாக விழுந்தது. அழகாக விழுந்ததை மீண்டும் எடைபோட்டுப் பார்க்க மனம் வரவில்லை. ஒற்று மிகுமா என்று மூன்று இடங்களில் தயங்கியவள், உண்மையா என்று ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை.

அவரிடம் சொன்னேன். அவர் மிளகாய்ச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "அதனால தீர்ப்பு மாறுமா டீச்சர்?"

"தெரியவில்லை."

"மாறலன்னா விடுங்க. யாரு டீச்சர் கவனிக்கப் போறா?"

அன்று மாலை பேச்சாளர்கள் அறுவரையும் ஓர் உணவகத்தின் மாடியில் கூட்டியிருந்தார். இருவரைப் பற்றி மட்டும் இங்கே சொன்னால் போதும். நன்மை அணியின் தலைவர் நடராசன், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். அவ்வூர் மேடைகளில் அவரை அறியாதவர் இல்லையாம். தீமை அணியில் மூன்றாவதாகப் பேசவிருந்தவர் முருகேசன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை. வேலை முடிந்து நேரே வந்திருந்தார்; தலைக்கவசம் அழுத்திய கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. பொது மேடையில் அவர் பேசப்போவது அதுவே முதல் முறை.

பரோட்டாவும் மிளகாய்ச் சட்டினியும் வந்தன. நடராசன் சட்டினிக் கிண்ணத்தை முருகேசன் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு முருகேசு. இந்தச் சட்னியே எங்க அணிக்குச் சாட்சி."

"மிளகா உங்க பக்கம்னா எரிச்சல் எங்க பக்கம் ஐயா" என்றார் முருகேசன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு முருகேசன் கைகழுவிவிட்டு வந்து, என் நாற்காலிக்கருகே நின்றுகொண்டே கேட்டார்:

"அம்மா, ஒரு சந்தேகம். தீர்ப்ப எப்பம்மா முடிவு பண்ணுவீங்க? நாங்க பேசுறதக் கேட்டுட்டுத்தான?"

"கேட்டபின்தான்" என்றேன்.

ஜமாலுதீன் தம் தேநீர்க் குவளைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அதான்மா வேணும். எங்க ரூம்ல ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான், இதெல்லாம் முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க, நீ ஏன்டா பஸ்ல தூங்காம மனப்பாடம் பண்றேன்னு. அவன்கிட்ட சொல்லிடறேன். ஊர்ல இருந்து என் வீட்டுக்காரி வீடியோ கால்ல பாக்கப்போறா. ஜெயிக்கிறனோ இல்லியோ, அவ பாக்குறப்ப ஒழுங்கா பேசிடணும்."

கேட்டபின்தான் என்று நான் சொன்ன வேகத்தை இப்போது எண்ணினாலும் கூசுகிறது. ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை அறையில் இருப்புக்கொள்ளாமல் காத்தோங்கில் உள்ள செண்பக விநாயகர் கோயிலுக்குச் செல்லப் புறப்பட்டேன். இங்கே பேருந்து நிற்கவேண்டுமானால் கைநீட்டவேண்டும். அது தெரியாமல் இரண்டு பேருந்துகளை வழியனுப்பினேன். மூன்றாவதற்குக் கைநீட்டினேன், நின்றது, ஏறினேன், அது எதிர்த்திசையில் சென்றது. நம் ஊரென்றால் நடத்துநர் உரக்கச் சொல்லி இறக்கிவிட்டிருப்பார், கூடவே நான்கு பேர் வழிசொல்லியிருப்பார்கள். இங்கே பேருந்தே அமைதியாக என்னைத் தவறான இடத்திற்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பெண்தான் என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். பெயர் ரோசா, பிலிப்பைன்சு நாட்டவள், காத்தோங்கில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை. "நீங்களும் நானும் தப்பான வண்டியில் இருக்கிறோம். நான் பேச்சு மும்முரத்தில் ஏறிவிட்டேன்" என்று கைப்பேசியைக் காட்டினாள். இருவரும் இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்நிறுத்தத்தில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. இருவருக்கும் அது இரவல் மொழிதான் என்பதால் சமமாகத் தடுமாறினோம்.

விடுதியில் என்னைத் தந்தையார் பெயரால் அழைப்பதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "என் அப்பாவின் ஊரில் எல்லாருடைய குடும்பப்பெயரும் ஒரே எழுத்தில்தான் தொடங்கும். எங்களை ஆண்ட ஸ்பானியர்கள் ஒரு பெயர்ப்புத்தகம் வைத்திருந்தார்களாம். ஊருக்கு இவ்வளவு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தார்களாம். எங்கள் ஊருக்கு அந்த எழுத்து விழுந்தது."

"அது உங்களுக்கு வருத்தமாக இல்லையா?"

"வருத்தமா? அது என் பெயர். என் அப்பா கல்லறையிலும் அதுதான் இருக்கிறது."

என்னால் அடக்கமுடியவில்லை. நாளை நான் செய்யவேண்டிய வேலையைச் சொல்லி, அவர்கள் வந்தது உங்களுக்கு நன்மையா தீமையா என்று நேராகவே கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மேடம், நான் மீன் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குள் வீடு போகவேண்டும்" என்றாள். பிறகு, கேள்வி கேட்டவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நினைத்தாள்போலும். "நான் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போகிறேன். அங்கே அழுகிறேன், அங்கேதான் சிரிக்கிறேன். அதை அவர்கள் கொண்டுவந்தார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லச் சொன்னால் சொல்லமாட்டேன். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?"

பேருந்து வந்தது. அவளே கைநீட்டினாள்.

விநாயகர் முன்னால் நின்றபோதும் வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. பெயர்ப்புத்தகம் பின்னால் வந்த ஆட்சியாளர்களின் வேலை. முதலில் வந்த கடலோடிகளின் கணக்கில் அதனை எழுதலாமா? எழுதக்கூடாதென்றால், அவர்களுக்குப் பின்னால் உலகெங்கும் பரவிய உருளைக்கிழங்கையும் மக்காச்சோளத்தையும் மட்டும் அவர்கள் கணக்கில் எழுதலாமா? நான் எழுதியிருக்கிறேன். தீமைகளைப் பிற்காலத்தவர்மேல் தள்ளிவிட்டு, நன்மைகளை மட்டும் முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் ஜமாலுதீனை அழைத்தேன். பதினான்காம் பக்கத்தைக் கிழித்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"ஐயோ டீச்சர். பதிமூணாம் பக்கம் அதே தாள்லதான இருக்கு. அதுல நகைக்கடை விளம்பரம், முழுப் பக்கம். கிழிச்சா அவரு என்னையக் கிழிச்சிடுவாரு."

"என் தீர்ப்பு மாறக்கூடும்."

"பேசி முடிக்கட்டும் டீச்சர். மத்தத அப்புறம் பாத்துக்கலாம். மலர்தான் வெளிய வராதுல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சமூக மன்றத்திற்குச் சென்றபோது கூடம் பாதி நிறைந்திருந்தது. வாசலில் பட்டுச்சேலை உடுத்திய மூன்று பெண்கள் வருவோர்க்குச் சந்தனமும் கற்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே ஆளுக்கொரு பொட்டலம். உள்ளே கேசரி, உளுந்துவடை. பொட்டலத்தின் அடியில் தட்டுப்போல, பச்சை அட்டையில் ஒரு புத்தகம்.

விழா மலர்.

ஜமாலுதீனைத் தேடிப் பிடித்தேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "சொன்னேன் டீச்சர், முடிஞ்சப்புறம்னு சொன்னேன். வருசா வருசம் வரும்போதே குடுத்துப் பழக்கம். தீர்ப்பு வரைக்கும் எவன் உக்காந்திருப்பான், பாதிப் பேரு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடிடுவான், அப்புறம் பெட்டி பெட்டியா நம்ம தலையில வந்து நிக்கும்னு வாசல்ல நிக்கிறவங்களே கட்டப் பிரிச்சுட்டாங்க."

"பேச்சாளர்களுக்குமா?"

"அவங்களுக்குத்தான் டீச்சர் முதல்ல குடுத்திருக்காங்க. மரியாதைக்கு."

மேடையேறி நடு நாற்காலியில் அமர்ந்தேன். கூடமெங்கும் மடிகளில் பச்சை அட்டைகள், அவற்றின்மேல் வடைகள். முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். அவர் மனைவி ஒரு வரியை விரலால் காட்டி என்னையும் காட்டினார். முருகேசன் என் இடப்பக்கம், கடைசி நாற்காலியில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மலர் அவர் மடியில் மூடிக்கிடந்தது. ஓர் ஆட்காட்டி விரல்மட்டும் உள்ளே, பக்க அடையாளமாக. அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே அவருடைய அறைத்தோழர் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். அந்தச் சிறு சட்டத்துக்குள் ஒரு பெண்முகம்.

தொடக்கவுரை என்ன பேசினேன் என்று நினைவில்லை.

நடராசன் சரளமாகப் பேசினார். உருளைக்கிழங்கு எத்தனை பஞ்சங்களைத் தாங்கியது, மக்காச்சோளம் எத்தனை வயிறுகளை நிரப்பியது, உலகம் உருண்டை என்பது கப்பலோட்டியே மெய்ப்பிக்கப்பட்டது என்றெல்லாம் நகைச்சுவையோடு சொல்லி, ஒதுக்கிய நேரத்திற்கு முன்பே முடித்துக்கொண்டார். தீமை அணியினர் சுரங்கங்களில் மாண்டவர்களையும், பெரியம்மையில் அழிந்த ஊர்களையும் சொன்னார்கள். கடைசியாக முருகேசன் எழுந்து வந்து ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்தார்.

"நடுவர் அவர்களே, வணக்கம். நான் ஜூரோங்ல வெல்டிங் வேலை பாக்குறேன். பதினாலாம் பக்கத்துல நான் ஏற்கெனவே தோத்துட்டேன்."

கூடம் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"தோத்தவனுக்கு ஒரு வசதி இருக்கு. பயப்படாம பேசலாம்."

கைதட்டல். அவர் கையில் குறிப்பு எதுவுமில்லை.

"அந்தக் கடலோடிங்க கையில ஒரு தாள் இருந்துச்சுங்க. அவங்க நாட்டுல உக்காந்து எழுதினது. புதுசா ஒரு கரைக்கு வந்தா அத எடுத்து வாசிப்பாங்க. இந்த நிலம் எங்க அரசருக்குச் சொந்தம், ஒத்துக்கிட்டா நல்லது, ஒத்துக்கலன்னா சண்டை, அதுல செத்தீங்கன்னா அது உங்க தப்பு. அவ்வளவுதான் அந்தத் தாளு. வாசிச்சது அவங்க பாஷையில. கேக்குறவனுக்கு ஒரு வார்த்தை புரியாது. சில இடத்துல கேக்க ஆளே இல்ல, மரத்தப் பாத்து வாசிச்சாங்க. சில இடத்துல கரையில கால் வைக்கிறதுக்கு முன்னாடியே, கப்பல்ல நின்னுக்கிட்டே வாசிச்சு முடிச்சுட்டாங்க."

அவர் நடராசன் பக்கம் திரும்பினார்.

"உருளைக்கிழங்கு வந்துச்சு, ஐயா சொன்னாரு, ஒத்துக்கிறேன். ஆனா அத நாம நல்லாச் சாப்பிடணும்னு அவங்க கொண்டுவரல. அதுபாட்டுக்கு வந்துச்சு. அவங்க யோசிச்சு, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தது அந்தத் தாள் ஒண்ணுதான். ஒரு ஆள எடைபோடணும்னா, அவன் தெரிஞ்சு எடுத்துட்டு வந்தத வச்சு எடைபோடுங்க. எதிர்ல நிக்கிறவன் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிவ எழுதிக் கொண்டுவர்றது நல்லதா கெட்டதா, அத நடுவர் அவங்களே சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி."

எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. அதற்கு இன்னும் நேரமிருந்தது.

நான் எழுந்தேன். மேடையோரத்திலிருந்து ஜமாலுதீன் ஓடிவந்து, பார்த்துப் படிக்க வசதியாகப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். பழக்கதோசம். மூடி வைத்தேன்.

"உங்கள் மடியிலுள்ள மலரில் என் பெயரில் ஒரு தீர்ப்பு இருக்கிறது" என்று தொடங்கினேன். "அதில் ஒரு செய்தி பிழை. நம் கரையில் மிளகாயை இறக்கியவை போர்ச்சுகீசியக் கப்பல்கள். ஸ்பானியக் கப்பல்கள் என்று நான் எழுதியது ஓசைக்காக. பெரிய பிழை வேறொன்று. அந்தத் தீர்ப்பை இங்குள்ள ஒருவரையும் கேட்காமல் எழுதினேன். கேட்டபின்தான் சொல்வேன் என்று வெள்ளிக்கிழமை ஒருவரிடம் சொன்னேன். அது பொய்."

பிறகு தீர்ப்பைச் சொன்னேன். அந்தப் பயிர்களின் பெருமை அவற்றைக் கப்பலில் ஏற்றியவர்களைச் சேராது; எத்தனையோ தலைமுறைகளாகக் காட்டுப்புல்லையும் கசப்புக்கிழங்கையும் உண்ணத்தக்கதாக வளர்த்தெடுத்த அந்நிலத்து உழவர்களைச் சேரும்; அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது; நன்மையை அவர்கள் பெயரில் எழுதிவிட்டால் கடலோடிகள் பெயரில் எஞ்சுவது அந்தத் தாளும் அதன்பின் நடந்தவையுமே; ஆகவே தீமையே. ரோசாவின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை என்பதையும் சொன்னேன். அவள் யாரென்று கூடத்தில் எவருக்கும் புரிந்திருக்காது.

கைதட்டல் ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் ஐயத்தோடும் எழுந்தது. கைப்பேசிச் சட்டத்திலிருந்த பெண் என்ன செய்தாள் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் நடராசன் என்னை மறித்தார். கோபத்திலும் குரலை உயர்த்தாத மனிதர்.

"நல்லாத்தான் பேசினீங்கம்மா. ஆனா நானும் அந்தப் பக்கத்தப் படிச்சுட்டுத்தான் மேடைக்கு வந்தேன். ஜெயிச்சாச்சுன்னு நெனச்சு நாலு ஜோக் சொல்லி முடிச்சுக்கிட்டேன். எடுத்து வச்சிருந்த பாதியப் பேசவே இல்ல. அந்தத் தம்பிக்கு நியாயம் செஞ்சீங்க. எனக்கு?"

அவரே ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "வடை சாப்பிடுங்க, ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முருகேசனை வெளியே, தொழிலாளர் விடுதிக்குச் செல்லும் நிறுவனப் பேருந்துக்காக நின்றவர்களிடையே கண்டேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார், சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? நான் பேசினதுக்காக மாத்தினீங்களா, இல்ல, பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சேன்னு மாத்தினீங்களா?"

நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். "தெரியவில்லை, முருகேசன்" என்றேன். "இரண்டும் இருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்கமுடியவில்லை."

"என் வீட்டுக்காரி ஜெயிச்சுட்டேன்னு அழுதா. நான் இன்னும் எதுவும் சொல்லல" என்றார். பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பி, "தாள் விஷயம் நல்லா எடுபட்டுச்சுல்லம்மா?" என்று கேட்டார்.

"மிக நன்றாக."

"சனிக்கிழமை வரைக்கும் அது என் பேச்சுல கடைசில ரெண்டு வரியாத்தான் இருந்துச்சு. மலரப் பாத்துட்டுத்தான் பெருசாக்கினேன்" என்றவர், உள்ளே சென்று சன்னலோரம் அமர்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை விமானத்திற்கு முன்னால் சில மணிநேரம் இருந்தது. ஜமாலுதீன் கடையில் எஞ்சிய மலர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கினோம். வீடுகளுக்குப் போய்விட்டவை போனவைதான். அவற்றில் நான் என்றென்றும் நன்மையென்றே சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் யாரோ ஒருவர் அதை எடுத்து மேற்கோளும் காட்டலாம். எஞ்சியவற்றிலாவது பதினான்காம் பக்கத்தில் ஒரு திருத்தத் துண்டு ஒட்டிவிடலாம் என்பது என் எண்ணம். ஜமாலுதீன் கணினிமுன் அமர்ந்தார். நான் சொல்லச் சொல்லத் தட்டினார்.

"மிளகாய் பத்தி போட்டாச்சு. தீர்ப்பு மாறினதும் போட்டாச்சு. போதும்ல டீச்சர்?"

"பேச்சாளர்களைக் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்டது என்று சேருங்கள்."

தட்டினார்.

"நன்மை அணியின் தலைவர் அதனை முன்பே படிக்க நேர்ந்ததால் தம் வாதத்தை முழுமையாக எடுத்துரைக்கவில்லை, அதற்கு நடுவரே பொறுப்பு."

அவர் திரும்பிப் பார்த்தார், தட்டினார்.

"கேட்டபின்தான் தீர்ப்பளிப்பேன் என்று பேச்சாளர் ஒருவரிடம் நடுவர் கூறியது உண்மையன்று."

"இதுவுமா டீச்சர்? மேடையில சொன்னீங்களே, அது போதாதா?" கணினித் திரையில் விரலை வைத்துக் கட்டத்தின் அளவைக் காட்டினார். "துண்டுல இடமே இல்ல லா."

"எழுத்தைச் சிறிதாக்குங்கள்" என்றேன்.